குறிஞ்சியும் கிரீன் கார்டும்

கொடைக்கானல்ல குறிஞ்சி பூத்தது 2006, அப்புறம் 2018. அடுத்தது 2030. 'பன்னிரண்டு வருஷம் எவன் பாஸ் காத்திருப்பான்?'னு கேட்கிறவங்க, எங்க பூம்பாறை பெரியம்மா பையன்கிட்ட பேசிப் பாருங்க.

அண்ணன் 2015ல ஹெச்-1பி விசாவுல அமெரிக்கா போனவர். 2016ல கம்பெனி கிரீன் கார்டுக்குப் போட்டுச்சு. 2018ல மலையே நீலமா கிடக்குது, அவர் விசா முடியற நேரம். ஊருக்கு வந்தா, புது ஸ்டாம்பிங் கிடைச்சாத்தான் திரும்ப முடியும். பயந்துட்டு வரலை. பூவை செல்போன்லதான் பார்த்தார்.

வேலைவழி கிரீன் கார்டு வருஷத்துக்கு சுமார் 1,40,000. எந்த நாட்டுக்கும் 7 சதவிகிதம்தான் வரம்பு. குட்டி ஐஸ்லாந்துக்கும் அதே, நமக்கும் அதே (நல்ல சமத்துவம்!). 2024 அக்டோபர் விசா புல்லட்டின்ல, இ.பி.-2 பிரிவு இந்தியர்களுக்கு வந்திருந்த தேதி 2012 ஜூலை 15. முழுசா ஒரு குறிஞ்சி!

ஆனா ஹெச்-1பி ஆயுசு ஆறே வருஷம். ஐ-140 பாஸாகியிருந்தா மூணு மூணு வருஷமா நீட்டிக்கலாம். அண்ணன் வண்டி அப்படித்தான் ஓடுது. நடுவுல வேலை போச்சுன்னா? அதிகபட்சம் 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி, இல்லேன்னா பெட்டியைக் கட்டணும்.

'2030 பூவுக்குக் கண்டிப்பா வர்றேம்மா'ன்னு போன்ல சொல்லியிருக்கார்.

"கார்டோடயா, பெட்டியோடயா?"ன்னு கேட்டாங்க பெரியம்மா. அவர் சிரிச்சுட்டு போனை வெச்சுட்டார்.