கையேடுகளைக் காக்கும் மௌனம்

அமெரிக்காவின் டிஜிட்டல் இக்யூப்மென்ட் நிறுவனம் 1970இல் பிடிபி-11 கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தை 1998இல் கொம்பக் வாங்கியது. 2002இல் கொம்பக் எச்.பி.யுடன் இணைந்தது. ஆனால் கணினி ஓய்வுபெறவில்லை. கனடாவின் அணுமின் நிலையங்களில் அதை 2050 வரை இயக்க வேண்டும் என்று கூறி, அதற்கு நிரல் எழுதத் தெரிந்தவர்களைத் தேடும் அறிவிப்பு 2013இல் வெளியானது.

இத்தகைய கணினிகளின் கையேடுகளைத் தேடுபவர்கள் இன்று பெரும்பாலும் நாடுவது உற்பத்தியாளரை அல்ல. அல் கொசோ நடத்தும் பிட்சேவர்ஸ் தளத்தையும் இன்டர்நெட் ஆர்க்கைவையும்தான். 2015 ஓகஸ்டில், மேரிலாண்டில் மூடப்படவிருந்த கடையொன்றிலிருந்து ஏறத்தாழ 25,000 மின்னணுக் கருவிக் கையேடுகளை ஜேசன் ஸ்கொட்டும் தொண்டர்களும் மீட்டார்கள். இல்லையேல் அவை குப்பைக்குப் போயிருக்கும்.

இந்தப் பணிக்குச் சட்டப் பாதுகாப்பு உறுதியாக இல்லை. ஒரு நிறுவனம் 1970இல் பதிப்புரிமை அறிவிப்புடன் வெளியிட்ட கையேட்டின் உரிமை, அமெரிக்கச் சட்டப்படி 2065 முடியும்வரை நீடிக்கும். உரிமையாளர்கள் கண்டுகொள்ளாததால்தான் பல கையேடுகள் இணையத்தில் இருக்கின்றன. மௌனம் அனுமதி ஆகாது. ஸ்கேன் செய்த நூல்களை இரவல் கொடுப்பது நியாயமான பாவனை அல்ல என்று 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு நூல்களைப் பற்றியது; ஆனால் கையேடுகளை ஸ்கேன் செய்வோருக்கும் அது எச்சரிக்கையே. அடுத்த மாதம் இணையத் தாக்குதலால் அந்தத் தளமே சில நாட்கள் முடங்கியது.

விற்பனையில் இல்லாத தொழில்நுட்பக் கையேடுகளைப் பகிர்வதற்குச் சட்டம் தெளிவான விலக்கு அளிக்க வேண்டும். பிரதிகள் பல நாடுகளில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒரே இரவில் இழக்கலாம். யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.