லாவண்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல இலையைப் பாருங்க பாஸ்!



நம்ம ஊருக்கு லாவண்டர் செடியா வரலை, கலராத்தான் வந்தது. தீபாவளிக்கு எடுத்த சுடிதார், சித்தியோட கல்யாணப் புடவை, ஃபேன்ஸி ஸ்டோர் ஹேர் கிளிப்... எல்லாம் 'லாவண்டர் கலர்'. அப்புறம் வாசனையா வந்தது. டால்கம் பவுடர், ரூம் ஃப்ரெஷ்னர், சோப்பு. செடியைக் கண்ணால பார்க்காமலேயே அது நமக்கு ரொம்ப வேண்டப்பட்ட ஆள் மாதிரி ஆயிடுச்சு!

அதனாலதான் ஊட்டி, குன்னூர் பக்கம் நர்சரியில 'லாவண்டர்'னு ஒரு அட்டையைப் பார்த்ததும் யோசிக்காம பர்ஸைத் திறக்கறோம். 'மலை இருக்கு, குளிர் இருக்கு, இது வராம வேற என்ன வரும்'னு ஒரு நம்பிக்கை. வீட்டு வாசல்ல நட்டு, ஜூன் மாசம் மழை பிடிச்சு, ஆகஸ்ட்ல போய்ப் பார்த்தா... குச்சி மட்டும் கறுப்பா நிக்கும்.

குளிர்ல செத்துப் போச்சுன்னு நினைப்பீங்க. இல்லை. லாவண்டரைக் கொல்றது குளிர் இல்லை, ஈரம். அதோட சொந்த ஊர் மத்தியதரைக் கடல் ஓரத்து மலைகள். கல்லும் சுண்ணாம்பும் கலந்த மண், தண்ணி நிக்காத சரிவு, கோடையில மாசக்கணக்கா மழையே கிடையாது. நீலகிரியில என்ன இருக்கு? மழை, மூடுபனி, அதுக்கப்புறம் இன்னொரு மழை. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினது ஞாபகம் இருக்கா? சென்னையில பல மாசம் பெய்யற மழை அது. அந்த ஊர்ல போய் ஒரு வறண்ட மலைச் செடியை நடறோம். அது பாவம், என்ன பண்ணும்?

மண்ணும் வேற சமாச்சாரம். டீச் செடிக்குப் புளிப்பு மண் வேணும். பி.எச். அளவு நாலரையில இருந்து அஞ்சரை வரைக்கும் இருந்தா அது குஷியா வளரும். நீலகிரி மண் அப்படித்தான். லாவண்டருக்கு ஆறரை, ஏழு, அதுக்கு மேலயும் வேணும். உங்க மண் எப்படின்னு தெரிஞ்சுக்க லேபுக்கு ஓடறதுக்கு முன்னாடி, பக்கத்து வீட்டு ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்க. குன்னூர் பக்கம் வேலிக்கு வேலி பந்து பந்தா பூத்திருக்குமே, அதேதான். பூ நீலமா இருந்தா மண்ணு புளிப்பு. ரோஸா இருந்தா புளிப்பு குறைவு. காசில்லாத மண் பரிசோதனை! (துல்லியமான கணக்கு வேணும்னா குன்னூர்ல உபாசி நடத்தற வேளாண் அறிவியல் நிலையத்துல கேட்டுப் பாருங்க.)

சரி, இந்தியாவுல லாவண்டர் எங்கேதான் ஒழுங்கா வருது? ஜம்மு காஷ்மீர், தோடா மாவட்டம், பதர்வா. அங்கே மக்காச்சோளம் போட்டுட்டு இருந்த விவசாயிகள் லாவண்டருக்கு மாறினாங்க. ஜம்முவில இருக்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம், சி.எஸ்.ஐ.ஆர். - ஐ.ஐ.ஐ.எம்., 'அரோமா மிஷன்' திட்டத்துல நாற்று கொடுத்து, எண்ணெய் வடிக்கிற யூனிட்டும் அமைச்சுக் கொடுத்தது. அவங்க உருவாக்கின ரகத்தோட பேர் ஆர்.ஆர்.எல்.-12. பேர் என்னவோ பஸ் நம்பர் மாதிரி இருக்கும், ஆனா 'ஊதாப் புரட்சி'னு பேப்பர்ல எல்லாம் வந்ததே, அதோட ஹீரோ இதுதான். 2022-ல பதர்வாவுல லாவண்டர் திருவிழாவே நடத்தினாங்க.

'அப்போ அந்த ரகத்தையே வரவழைச்சுடலாமே'ன்னு தோணுதா? அங்கேதான் சின்ன சிக்கல். அது 'இங்கிலீஷ் லாவண்டர்' இனம், லாவண்டுலா ஆங்குஸ்டிஃபோலியா. (பேர்தான் இங்கிலீஷ். பிறந்தது தெற்கு ஐரோப்பிய மலையில.) இந்த இனத்துக்கு நல்ல குளிர்காலம் ஒண்ணு வேணும். அது முடிஞ்சதும் நீளமான பகல் வேணும். ரெண்டும் கிடைச்சாதான் பூத்துத் தள்ளும். பதர்வாவுல ஜூன் மாசம் பகல் பதினாலு மணி நேரத்துக்கு மேல. பிரான்ஸ்ல புரோவான்ஸ் பக்கம் பதினஞ்சு மணி நேரத்தைத் தாண்டும். நம்ம ஊட்டி பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல, 11 டிகிரியில இருக்கு. வருஷத்துலயே நீளமான பகல்கூட பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். அதுவும் எந்த மாசம்? ஜூன்! வானமே தெரியாத மாசம். 2,240 மீட்டர் உயரத்துல ஏறி உட்கார்ந்து குளிரை வாங்கிடலாம், பகலை வாங்க முடியாது.

இதனால ஆங்குஸ்டிஃபோலியா ஊட்டியில வரவே வராதுன்னு சொல்ல வரலை. உறைபனி விழற ஊட்டி, எமரால்டு பக்கம் வெயில் படற சரிவு இருந்தா வளரும். கொஞ்சமா பூக்கும். 'ஹிட்கோட்', 'மன்ஸ்டெட்' ரெண்டும் இதுல பேர் போன குட்டை ரகங்கள். ரெண்டுமே இங்கிலாந்துல இருந்த தோட்டங்களோட பேர். ஹிட்கோட்டுக்கு அடர்ந்த ஊதா, மன்ஸ்டெட்டுக்கு கொஞ்சம் வெளிர் நீலம். வாசனைனா இதுதான் வாசனை, அந்த சோப்பு வாசனை. சமையல்ல, கேக்ல போடறதும் இதைத்தான். ஆனா போஸ்டர்ல வர்ற மாதிரி வயல் முழுக்க ஊதாக் கம்பளம் எதிர்பார்த்தீங்கன்னா மனசு உடைஞ்சு போயிடும்.

குன்னூர், கோத்தகிரி வாசிகளுக்கு என் ஓட்டு 'டென்டேட்டா'வுக்கு. நிறைய இடத்துல இதைத்தான் 'பிரெஞ்சு லாவண்டர்'னு விக்கறாங்க. கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி. இலையோட ஓரத்தைப் பாருங்க, குட்டி ரம்பம் மாதிரி பல்லு பல்லா வெட்டியிருக்கும். இதுக்கு நீளப் பகலும் வேணாம், கடுங்குளிரும் வேணாம். மிதமான குளிர் உள்ள ஊர்ல வருஷத்துல பெரும்பாலான மாசம் ஏதாவது ரெண்டு பூ காட்டிட்டே இருக்கும். ஈரப்பதத்தையும் இங்கிலீஷ்காரரைவிட நல்லாவே தாங்கும். குறை ரெண்டு. வாசனை கொஞ்சம் கற்பூரம், ரோஸ்மேரி பக்கம் போகும். கடுமையான உறைபனி விழுந்தா இலை கருகும். ஊட்டி தாவரவியல் பூங்காவுல டிசம்பர், ஜனவரியில சாயங்காலமானா செடிகளை மிலார் செடியால மூடி வைப்பாங்க, பார்த்திருக்கீங்களா? அதே வைத்தியம் இதுக்கும். மிலார் கிடைக்கலைன்னா பழைய சாக்கு போதும்.

இலை சன்னமா, கேரட் இலை மாதிரி கிழிஞ்சு கிழிஞ்சு இருந்தா அது 'ஃபெர்ன் லீஃப்' லாவண்டர். நல்லா பூக்கும், போட்டோவுக்கு சூப்பர். ஆனா கசக்கி மோந்தா பீட்சா கடை ஞாபகம் வரும். ஆரிகானோ வாசனை! வாசனைக்காக வாங்கப் போறவங்க உஷார். காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு இலையைத் தேய்ச்சு மோந்து பார்க்கக் கூச்சப்படாதீங்க.

இப்போ கொஞ்சம் சீரியஸான மேட்டர்.

பூக்கதிரோட உச்சியில முயல் காது மாதிரி ரெண்டு, மூணு ஊதா இதழ் நீட்டிட்டு இருந்தா, அது 'ஸ்டோகஸ்'. ஸ்பானிஷ் லாவண்டர். லாவண்டர் குடும்பத்துலயே புளிப்பு மண்ணைப் பொறுத்துக்கற ஆள். நீலகிரிக்கு ஆர்டர் கொடுத்து செஞ்ச மாதிரி இருக்கேன்னு தோணும். எனக்கும் பார்க்க இதுதான் பிடிக்கும். ஆனா இதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். காரணம், இது விதையைத் தானே கொட்டி, தானே முளைச்சு, தோட்டத்தை விட்டு வெளியே நடந்து போற ஜாதி. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல இதைத் தீங்கு செய்யற களைன்னு சட்டப்படியே அறிவிச்சிருக்காங்க.

'ஒரு தொட்டிச் செடிக்கு இவ்ளோ பில்டப்பா'ன்னு கேட்கலாம். நீலகிரியில இருந்துக்கிட்டு அப்படிக் கேட்கக் கூடாது பாஸ். ஊட்டியைச் சுத்தின புல்வெளியில மஞ்சளா பூத்துக் கிடக்குமே ஸ்காட்ச் ப்ரூம், முள்ளோட நிக்குமே கோர்ஸ், ரெண்டும் வெள்ளைக்காரங்க தங்க ஊர் ஞாபகமா கொண்டு வந்தது. அழகாத்தான் இருக்கும். விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட கிடக்கும், ஒரு தடவை பிடுங்கினா மறுபடி முளைக்கும். உண்ணிச் செடி, அதாங்க லண்டானா, 1800-களோட தொடக்கத்துல கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அலங்காரச் செடியா வந்தது. இன்னிக்கு முதுமலைக் காட்டுக்குள்ள யானை மேயற இடத்தையே அது அடைச்சுக்கிட்டு நிக்குது. சீகை மரம் வேற, சோலைக்கு நடுவுல இருந்த புல்வெளியைத் தின்னுடுச்சு. தோடர்களோட எருமை மேயறது அந்தப் புல்லைத்தான், கோயில் கூரை வேயறதும் அங்கே கிடைக்கிற புல்லை வெச்சுத்தான். 2022-ல தமிழக அரசு அந்நியக் களைச் செடிகளுக்காகத் தனியா ஒரு கொள்கையே வெளியிட்டது. கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் உண்ணிக் குச்சியில நிஜ சைஸ் யானை பொம்மை செஞ்சு, 2021-ல அது லண்டன் பூங்கா வரைக்கும் போச்சு. செம ஐடியா. ஆனா அதுக்காக இன்னொரு உண்ணியை நாம வளர்த்து விட வேண்டாமே!

ஸ்டோகஸ் நீலகிரியில அப்படிப் பரவிடுச்சுன்னு நான் சொல்லலை. பரவக் கூடிய குணம் இருக்குன்னுதான் சொல்றேன். ஏற்கெனவே உங்க வீட்ல இருந்தா பிடுங்கிப் போட வேண்டாம். தொட்டியில வைங்க, பூ வாடினதும் விதை கட்டறதுக்குள்ள கதிரை நறுக்கிடுங்க. உங்க வேலிக்கு அந்தப் பக்கம் காடோ, புல்வெளியோ இருந்தா வாங்கவே வேண்டாம்.

இந்தப் பயமே இல்லாம வளர்க்க ஒரு இனம் இருக்கு: லாவண்டின். இங்கிலீஷ் லாவண்டரும் இன்னொரு இனமும் சேர்ந்து பிறந்த கலப்பு. விதையே கட்டாது, அதனால எங்கேயும் ஓடிப் போகாது. 'கிராசோ', 'புரோவான்ஸ்' ரெண்டும் இதுல பிரபலம். செடி பெருசு, முக்கால் மீட்டருக்கு மேல போகும். எண்ணெய் நிறைய, வாசனையில கற்பூரம் கொஞ்சம் தூக்கல். துணி பீரோவுல போட்டு வைக்கிற பைக்கு இதுதான் பெஸ்ட். இங்கிலீஷ் லாவண்டரைவிடக் கொஞ்சம் முரடு, மழையையும் கொஞ்சம் கூடுதலா தாங்கும்.

இங்கே ஒரு துப்பறியும் டிப்ஸ். ஆன்லைன்ல யாராவது 'கிராசோ லாவண்டர் விதை, 100 எண்ணம்'னு வித்தா சிரிச்சுட்டு மூடிடுங்க. விதை கட்டாத செடிக்கு விதைப் பாக்கெட் எங்கிருந்து வரும்? ஹிட்கோட், மன்ஸ்டெட் விதையாவும் கிடைக்கும், ஆனா முளைக்கிற ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு உயரம். பேர் போட்ட ரகம் அச்சு அசலா வேணும்னா குச்சி வெட்டி வளர்த்த நாத்துதான். ஃப்ரெண்ட் வீட்ல செடி இருந்தா பூக்காத கிளை நுனியா எட்டு, பத்து சென்டிமீட்டர் வாங்கிட்டு வாங்க. கீழ் இலையை உருவிட்டு மணல்ல குத்தி வெச்சா வேர் விட்டுடும். செலவு சைபர்.

அட, சொல்ல மறந்தது ஒண்ணு. நம்ம நாட்டுக்கே சொந்தமான லாவண்டரும் இருக்கு, தெரியுமா? லாவண்டுலா பைபின்னேட்டா. தக்காணத்துப் பாறைச் சரிவுல தானா முளைச்சு, பூத்து, காயற காட்டுச் செடி. எந்த நர்சரிக்காரரும் விக்கறதில்லை. பாட்டனி படிக்கிறவங்க யாராவது இதைக் கொஞ்சம் கவனிச்சா நல்லா இருக்கும்.

நடறது எப்படி? பிப்ரவரி கடைசி, மார்ச். உறைபனி ஓய்ஞ்சிருக்கும், ஜூன் மழைக்கு முன்னாடி வேர் பிடிக்க மூணு மாசம் கிடைக்கும். தரையில நடறதா இருந்தா முழங்கால் உயரத்துக்கு மேடு போட்டு, மண்ணுல பாதிக்குக் குறையாம ஜல்லியும் மணலும் கலந்து, மேட்டு உச்சியில நடுங்க. டீத் தோட்டத்துக்குப் போடற டோலமைட் கொஞ்சம் கலந்தா புளிப்பு குறையும். தென்னை நார்க் கழிவு வேண்டாம், அது தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். சாணம், உரம் எல்லாம் அள்ளிக் கொட்டினா செடி கொழுகொழுன்னு வளர்ந்து முதல் மழையிலேயே சாஞ்சுடும். டீத்தூள் சக்கையை ரோஜாவுக்கு வெச்சுக்குங்க, இது பக்கம் கொண்டு வராதீங்க.

கூடலூர், பந்தலூர்க்காரங்க தரை ஆசையை விட்டுடுங்க. மண் தொட்டி, கூரைக்குக் கீழ, சாய்ஞ்ச வெயில் வர்ற இடம். தென்மேற்குப் பருவமழை உங்களை நனைக்கற மாதிரி அதை நனைக்க விடாதீங்க. குன்னூருக்கு ஆபத்து அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை. அந்த மூணு மாசம் தொட்டியை வராந்தாவுக்குள்ள இழுத்துடுங்க. விரலை மண்ணுக்குள்ள விட்டு, ரெண்டு கணு வரைக்கும் காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி.

பூத்து முடிஞ்சதும் கத்தரியை எடுத்து மூணுல ஒரு பங்கு வெட்டிடுங்க. பச்சை இலை இருக்கிற இடத்தோட நிறுத்தணும். அடியில மரமாகிப் போன பழுப்புக் குச்சி வரைக்கும் வெட்டினா, பெரும்பாலும் அதுல இருந்து துளிர் வராது. வெட்டின கதிரைத் தலைகீழா கட்டி நிழல்ல தொங்கப் போடுங்க, காய்ஞ்சதும் உதிர்த்துப் பழைய கைக்குட்டையில முடிச்சுப் போட்டா, ஹாஸ்டல் அலமாரியில ஸ்வெட்டருக்கு நடுவுல வைக்க ஒரு பொட்டலம் ரெடி.

அடுத்த வாரம்: நீல ஹைட்ரேஞ்சியாவை ரோஸாக்குறது எப்படி?