பரிசே இல்லாத குலுக்கல்!

குலுக்கல் என்றால் ஒருத்தருக்கு விழும், பத்து பேருக்கு விழாது. அது அதிர்ஷ்டம். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பரிசுச் சீட்டையே பெட்டியில் போடாமல் குலுக்கினால்? அது பகல் கொள்ளை!

தென்கொரியாவில் அதுதான் நடந்தது. நெக்சான் நிறுவனத்தின் "மேப்பிள் ஸ்டோரி" ஆன்லைன் விளையாட்டில் "கியூப்" என்று ஒரு மாயப் பொருள். காசு கொடுத்து வாங்கிப் போட்டால் ஆயுதத்தின் சக்தி மாறும். என்ன சக்தி வரும் என்பது அதிர்ஷ்டம். எல்லோரும் ஆசைப்பட்ட சில சக்திகள் சேர்ந்து விழாதபடி 2011 ஆகஸ்டில் சத்தமில்லாமல் பூட்டு போட்டார்கள். மாற்றமே இல்லை என்று அறிவிப்பு வேறு! 2021 மார்ச் வரை ஜனங்கள் விழாத பரிசுக்குப் பணத்தைக் கொட்டினார்கள்.

2024 ஜனவரியில் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. நம் பணத்தில் 70 கோடி ரூபாய்க்கு மேல். பரிசு விழும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று வெளியிட வேண்டும் என்ற சட்டமும் அந்த மார்ச்சில் அமலுக்கு வந்தது.

நல்ல சட்டம்தான். ஆனால் எழுதி ஒட்டினால் மட்டும் போதுமா? தராசில் முத்திரை இருந்தாலும் எடைக்கல்லைச் சோதிக்க அதிகாரி வருகிறார் அல்லவா? அதே சோதனை இங்கேயும் வேண்டும். தோற்பது விளையாட்டில் சகஜம். ஏமாறுவது சகஜம் ஆகக்கூடாது!