ஐஸ் ஏன் மிதக்குது, உம்மா?

குச்சவெளிக் கரைக்குத் தோணிகள் வந்து சேரும் நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? ரெஜிபோம் பெட்டியைத் திறந்தால் உருகிய தண்ணீருக்குள் பாரையும் கீரியும் கிடக்கும். மிஞ்சிய ஐஸ் துண்டுகள் மேலே மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு என் எட்டு வயது மகள் கேட்டாள்: “உம்மா, மீன் கீழே கிடக்கு, ஐஸ் மட்டும் ஏன் மேலே நிற்குது?”

“ஐஸ் பாரமில்லை மகள்” என்று சமாளித்தேன். அவள் விடவில்லை. “தண்ணிதானே ஐஸாகினது? பாரம் எங்கே போனது?”

பிள்ளை கேட்டதுதான் சரி. பாரம் எங்கேயும் போகவில்லை. ஒரு கிலோ தண்ணீர் உறைந்தாலும் ஒரு கிலோதான். ஆனால் அது பிடிக்கும் இடம் 100 பங்கில் 9 பங்கு அளவு கூடிவிடுகிறது. அதே பாரம் பெரிய இடத்தில் பரவுவதால் ஐஸ் மிதக்கிறது. அதிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள்தான் இருக்கும்.

இடம் ஏன் கூடுகிறது? பெருநாள் திடலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் தண்ணீர். “எல்லோரும் கையை நீட்டிக் கோத்து நில்லுங்கள்” என்றால் அதே பிள்ளைகளுக்கு அந்த இடம் போதாது. உறையும்போது தண்ணீரின் நுண்துகள் ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ள நான்கு துகள்களை இப்படி எட்டிப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் வெற்றிடம் விழுகிறது.

எல்லாப் பொருளும் இப்படியில்லை. தேங்காய் எண்ணெயைச் சிறிது பிரிஜ்ஜில் வைத்துக் கட்டியாக்கி, உருகிய தேங்காய் எண்ணெய்க்குள் போட்டுக் காட்டுங்கள். அடியில் போய் உட்காரும். பெரும்பாலான பொருட்களின் வழக்கம் அதுதான், தண்ணீர்தான் விதிவிலக்கு.

இதில் தாய்மாருக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. கண்ணாடிப் போத்தலில் தண்ணீரை நிரப்பி இறுக மூடி, ஐஸ் தட்டில் வைத்துவிடாதீர்கள். விரியும் ஐஸ் போத்தலை வெடிக்க வைக்கும். ஒரு நோன்பு காலத்தில் அவசரத்தில் நானே அப்படி வைத்து, பிறகு கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

சென்னைக்குப் போனவர்கள் மெரினாக் கரையில் ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டிடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1842இல் கட்டப்பட்டது. பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி பாஸ்டன் பக்கத்துக் குளங்களின் ஐஸை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, 1833இல் கல்கத்தாவுக்கும், பின்னர் சென்னைக்கும் அனுப்பினார். கல்கத்தாவுக்கு நான்கு மாதப் பயணம்! ஐஸ் மிதப்பதால்தான் குளத்தின் மேற்பரப்பிலேயே நின்று அறுத்தெடுக்க முடிந்தது. அடியில் மீன்களும் உயிரோடிருந்தன. தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தி. அந்தத் தண்ணீர் கீழே தங்கிவிட, அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறைந்து மூடிபோல் நிற்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மகள் அடுத்த கேள்வியைப் போட்டாள்: “ஐஸ் உருகினா கிளாஸ் வழியாதா உம்மா?” விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, ஐஸ் மிதக்கவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டும் வழியவில்லை. உருகிய ஐஸ் பழைய அளவுக்குச் சுருங்கி, தான் மூழ்கியிருந்த இடத்தை மட்டுமே நிரப்புகிறது. உங்கள் பிள்ளைகளிடம் முதலில் பந்தயம் கட்டிவிட்டு இதைச் செய்து பாருங்கள்.