நல்லெண்ணெய் தேடிப்போன நரம்பு

தரம் 11 விஞ்ஞானப் பாடத்தில் நரம்புத் தொகுதி வரும்போது பிள்ளைகள் மூளையம், மூளி, முண்ணாண் என்று படம் வரைந்து பெயர் குறிப்பார்கள். புள்ளியும் வாங்கிவிடுவார்கள். ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டப் பிள்ளைகளுக்கு இதைப் பல வருடமாகப் படிப்பிக்கும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நரம்பு எப்படி வேலை செய்கிறது, எப்படிச் சாகிறது என்பதை மருத்துவர்களுக்கே காட்டிய ஒரு சம்பவம் நம் மலையகத்துப் பெண்பிள்ளைகளின் கால்களில் நடந்தது. என் வகுப்பில் கேட்டால் ஒரு பிள்ளைக்கும் அது தெரியாது. பிள்ளைகளின் அம்மாமாருக்கும் தெரியாது.

1977, 78ஆம் ஆண்டுகள். தேயிலைத் தோட்டங்களில் அப்போதுதான் பெரிய பிள்ளையான இருபதுக்கு மேற்பட்ட சிறுமிகளுக்கு நடை விழுந்தது. முதலில் கெண்டைக்காலில் வலி. பிறகு பாதம் தூக்க வராமல் தொங்கியது. அடுத்துக் கைவிரல்கள் பலமிழந்தன. இவர்களைப் பரிசோதித்தவர் பேராதனை நரம்பியல் மருத்துவர் நிமல் சேனாநாயக்க. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். சடங்குக்கு ஒதுக்கி வைத்த நாட்களில், இடுப்புக்குப் பலம் என்று, நல்லெண்ணெய் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணெயில் ட்ரைகிரெசைல் பொஸ்பேற்று என்ற நஞ்சு கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் அது சேர்ந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சேனாநாயக்கவும் ஜே. ஜெயரத்னமும் 1981இல் லான்செட் இதழில் இதை எழுதினார்கள்.

ஏன் பாதம் முதலில்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். கால் பெருவிரலை அசைக்கும் நரம்புக்கலத்தின் உடல் காலில் இல்லை. முதுகெலும்புக்குள், முண்ணாணின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே கலத்தின் ஒரே இழை இடுப்பு, தொடை, கெண்டைக்கால் வழியாக ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரம் இறங்கி வருகிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை. அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி மேலே கலவுடலில் செய்யப்பட்டு, இழைக்குள்ளேயே பயணப்பட்டு நுனிக்கு வர வேண்டும். தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் குறைந்தால் கடைசி லயத்துக்குத்தான் முதலில் வராமல் போகும். நஞ்சு பட்ட நரம்பும் அப்படித்தான்: எந்த இழை நீளமோ அதன் நுனி முதலில் காய்கிறது. ஆகவே பாதம் முதலில் விழுந்தது. கழுத்திலிருந்து வரும், நீளம் குறைந்த கை நரம்புகள் பின்னால் விழுந்தன.

இந்த நஞ்சு உடனே வேலை காட்டுவதில்லை. குடித்து ஒன்று, இரண்டு, சில வேளை மூன்று வாரம் கழித்துத்தான் கால் தளரும். அதற்குள் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, தாய்மாமன் சீர் வந்தாயிற்று, பிள்ளை வெளியே நடமாடத் தொடங்கிவிட்டாள். அன்றைக்குக் கொடுத்த எண்ணெய்க்கும் இன்றைக்கு விழுந்த பாதத்துக்கும் எந்த அம்மா முடிச்சுப் போடுவாள்? டொக்டர் கேட்க வேண்டும். கேட்டால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். சடங்கு வீட்டில் என்ன சாப்பிட்டாள் என்ற கேள்வியைத் தமிழில் கேட்க ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மூன்று வருடம் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரியவந்தது. கை கால் நரம்புகள் மெல்ல மெல்லத் திரும்பின. சுற்றயல் நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர் வளரும். பொறுமை இருந்தால் பலம் வரும். ஆனால் மூளையிலிருந்து முண்ணாண் வழியாக இறங்கும் நீண்ட இழைகளும் கெட்டிருந்தன. அவை அப்படி வளர்ந்து திரும்புவதில்லை. தளர்ச்சி விலக விலக, சிலருக்குக் கால் விறைப்பு வெளிப்பட்டது. மைய நரம்புத் தொகுதி, சுற்றயல் நரம்புத் தொகுதி என்று கரும்பலகையில் நான் கோடு போட்டுப் பிரிப்பது அந்தப் பிள்ளைகளுக்கு வாழ்க்கை முழுக்க நடக்க வேண்டிய நடை.

சடங்கையே நிறுத்திவிட்டால் சரி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எள்ளில் நஞ்சில்லை, மகளுக்குப் பலம் வேண்டும் என்று நினைத்த அம்மாவிலும் பிழையில்லை. கொள்கலனில்தான் இருந்தது. 1937இல் தென்னாபிரிக்காவின் டர்பனில் மசகு எண்ணெய் பீப்பாயில் சமையல் எண்ணெய் ஊற்றியும், 1959இல் மொரோக்கோவில் விமான இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றும் இதே முடக்கம் வந்தது. மொரோக்கோவில் மட்டும் சுமார் 10,000 பேர்.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். இறப்பர் பால் உறைய வைக்கும் அசிட் வந்த கேன், பூச்சிமருந்து வந்த கேன், எல்லாம் கழுவித் தண்ணீருக்கு வைக்கப்படுவதை லயங்களில் பார்க்கிறேன். கலன் நல்ல கெட்டி, காசு கொடுத்து வாங்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் பூச்சிமருந்துகளில் ஒரு பெரிய பிரிவான ஓகனோபொஸ்பேற்றுகள் அந்த எண்ணெய் நஞ்சின் உறவு. அதே சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்தையுடன் 1987இல் எழுதியது இவற்றைப் பற்றித்தான். நஞ்சு குடித்தவர் தேறிவிட்டார் என்று நினைக்கும் வேளையில், ஒன்று முதல் நான்கு நாளுக்குள், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகும். மூச்சுத் தசைகளும் சோர்ந்துவிடும். அப்படிப்பட்டவரை அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டி வரக்கூடாது.

பால் வெட்டுகிறவர் கத்தியை மரத்தில் காயம் படாமல், பட்டையின் ஆழம் மட்டும் பார்த்து இழுப்பது விரல் நரம்பின் நுட்பத்தால். அந்த விரல்தான் குடும்பத்தின் வருமானம். ஆகவே தோட்டக் கம்பனிகள் காலியான கேன்களைத் துளையிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வதைக் கட்டாயமாக்க வேண்டும். குடிதண்ணீருக்கு நல்ல கலன் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பே. சில்லறையாக எண்ணெய் விற்கும் கடைகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பார்க்கும்போது, எண்ணெயை மட்டும் அல்ல, அது எந்தப் பீப்பாயில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த தவணை நரம்புத் தொகுதிப் பாடத்தை நான் அந்தச் சிறுமிகளின் பாதத்திலிருந்து தொடங்கப்போகிறேன். மற்ற ஆசிரியர்களையும் அப்படியே தொடங்கும்படி கேட்கிறேன்.