பரிசு பெட்டிக்கா, பிள்ளைக்கா?

பிறந்த நாளுக்கும் பண்டிகைக்கும் பலகை ஆட்டங்களை வாங்கிப் பரிசளிக்கும் பழக்கம் வளர்ந்து வருகிறது. நல்ல பழக்கம், வரவேற்கிறோம். ஆளுக்கொரு கைபேசியோடு ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் வீட்டில், நாலு பேரை ஒரே பாயில் உட்கார வைக்கும் எதையும் வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இந்த நல்ல எண்ணத்தை யார் காசாக்குகிறார்கள், எப்படிக் காசாக்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா? மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் கல்லாவுக்குப் போகிறது. பெட்டியோ இரண்டே வாரத்தில் பரணுக்குப் போகிறது. இது தற்செயலாக நடப்பதல்ல. வாங்குகிறவர் கண்ணைக் கவர்வதற்காகத்தான் பெட்டி செய்யப்படுகிறது. விளையாடப் போகும் பிள்ளையைக் கடையில் யாரும் கேட்பதில்லை.

"எல்லோருக்கும் தெரிந்த பெயரை வாங்குங்கள், தவறே வராது" என்பது கடைக்காரரின் முதல் உபதேசம். அந்தப் பெயர் பெரும்பாலும் மொனாபலி. பம்பாயையும் தில்லியையும் கட்டங்களில் அச்சடித்து, நம் நாட்டில் 'பிசினஸ்' என்று விற்கப்படுவதும் அதே சரக்குத்தான்.

இந்தப் பெயரின் கதையை வாசகர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904இல் 'நிலப்பிரபுவின் ஆட்டம்' என்ற ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தின் வாடகை ஒரு சிலர் கையில் குவிவதால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டியாகிறார்கள் என்று ஜனங்களுக்குக் காட்டுவதே அவர் நோக்கம். இருவகை விதிகளை அவர் வகுத்தார். ஒன்றில் ஒருவன் கொழுக்க மற்றவர்கள் அழிவார்கள். மற்றொன்றில் செல்வம் பெருகினால் எல்லோருக்கும் பங்கு உண்டு. பின்னால் நடந்தது என்ன? சார்ல்ஸ் டாரோ என்பவர் அந்த ஆட்டத்தின் ஒரு வடிவத்தைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்லி, 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்றார்; லட்சாதிபதியானார். மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். விற்பனையில் ஒரு சல்லிக்காசு பங்கும் இல்லை. பங்கிட்டு வாழும் விதிகள் குப்பைக்குப் போயின. ஒழித்துக் கட்டும் விதிகள் மட்டுமே பெட்டிக்குள் மிஞ்சின. கண்டிப்பதற்காகச் செய்யப்பட்ட ஆட்டம் கொண்டாடுவதற்கான ஆட்டமாயிற்று!

இந்த உண்மை எப்படி வெளிவந்தது? பொருளாதாரப் பேராசிரியர் ரால்ஃப் ஆன்ஸ்பாக் 1973இல் 'ஆன்டி-மொனாபலி' என்ற ஆட்டத்தை வெளியிட்டார். கம்பெனி அவர் மீது பாய்ந்தது. 1977இல் அவருடைய ஏறத்தாழ 40,000 பெட்டிகள் மினசோட்டா மாகாணத்துக் குப்பை மேட்டில் புதைக்கப்பட்டன. அவர் பணியவில்லை. வழக்குக்காகத் தோண்டத் தோண்டத்தான் மேகியின் பெயர் மேலே வந்தது. 1983இல் வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது.

பழைய கதை போகட்டும், ஆட்டமாகவாவது அது நன்றாயிருக்கிறதா என்று கேட்போம். பகடை சொன்னபடி நகர்வது, நகர்ந்த இடத்தில் வாடகை அழுவது! பேரம் பேசும் சாமர்த்தியத்துக்கு அதில் இடமுண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒருவர் ஒரே நிறத்து மனைகளைச் சேர்த்து வீடு கட்டிவிட்டால், பெரும்பாலும் அத்தோடு தீர்ப்பு எழுதியாயிற்று. அதற்குப் பிறகு மணிக்கணக்கில் நடப்பது தண்டனையை நிறைவேற்றும் சடங்கு. முதலில் திவாலாகிறவர் எழுந்து போக வேண்டும். வீட்டில் முதலில் திவாலாவது யார்? அநேகமாகக் கடைக்குட்டிப் பிள்ளை. அண்ணனும் அக்காளும் ஆடுவதை வேடிக்கை பார்க்கவா அந்தப் பிள்ளைக்குப் பரிசு வாங்கினோம்?

இதைவிட நல்ல ஆட்டங்கள் இல்லாமல் போகவில்லை. ஜெர்மனியில் பல் கட்டும் தொழில் செய்துவந்த கிளவுஸ் டாய்பர் 1995இல் 'காட்டான்' ஆட்டத்தை வெளியிட்டார். அதில் யாரும் வெளியேற்றப்படுவதில்லை. யார் பகடை உருட்டினாலும், அந்த எண்ணுள்ள நிலத்தின் ஓரத்தில் குடியிருப்பு வைத்த அத்தனை பேருக்கும் விளைச்சல் வரும். பத்துப் புள்ளி எடுத்தவர் வென்றார், ஆட்டம் முடிந்தது. 2004இல் வந்த ஆலன் மூனின் 'டிக்கெட் டு ரைட்' ஆட்டத்தில் ரயில் பாதைகளைப் பிடிக்க வேண்டும். கடைசிச் சுற்று வரை எல்லோரும் பலகையில் இருப்பார்கள். போட்டி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தோற்றவனைத் துரத்துகிற போட்டி வேண்டாம் என்கிறோம்.

"விருது முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்" என்பது இரண்டாவது உபதேசம். ஜெர்மனியில் விமர்சகர் குழு ஒன்று 1979 முதல் ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கு விருது கொடுத்து வருகிறது. நேர்மையான வேலை, மதிக்கிறோம். ஆனால் அந்தக் குழு உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்ததா? அதே காட்டான் விருது பெற்றதுதான். ஆனால் அதன் அடிப்படைப் பெட்டி மூன்று அல்லது நான்கு பேருக்கு மட்டுமே. புதிதாக மணமான இருவருக்கு அது உதவாது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவர் வாசல் திண்ணைக்குப் போக வேண்டும். 2016இல் விருது பெற்ற 'கோட்நேம்ஸ்' முழுவதும் சொற்களால் ஆனது. ஆங்கிலப் பெட்டியை வாங்கினால், ஆங்கிலம் படிக்காத பாட்டி அந்த மாலை முழுவதும் ஊமையாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2011இல் விருது பெற்ற 'குவர்க்கிள்' அப்படியல்ல. ஆறு நிறம், ஆறு வடிவம், 108 மரச் சில்லுகள், அவ்வளவே. பாட்டியும் ஆடலாம், பேரனும் ஆடலாம். பாட்டி ஜெயிக்கவும் ஜெயிக்கலாம்! ஆகவே முத்திரையைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். யார் கையில் அந்தப் பெட்டி போய்ச் சேரப் போகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது உபதேசம்தான் மிகவும் அபாயகரமானது: "பெரிய பெட்டி, பெரிய அன்பு!" 'குளூம்ஹேவன்' என்ற ஆட்டத்தின் பெட்டி ஏறத்தாழ 10 கிலோ எடை. அதில் ஊறியவர்கள் மாதக்கணக்கில் ஆடி மகிழ்கிறார்கள், மகிழட்டும். ஆனால் விதிப்புத்தகத்தைப் புரட்டியே பழகாதவருக்கு அதைக் கொடுப்பது பரிசல்ல, வீட்டுப் பாடம். மறுபக்கம், 2013இல் விருது பெற்ற 'ஹனபி'யின் அடிப்படை வெறும் ஐம்பது சீட்டுகள். சட்டைப் பைக்குள் அடங்கும். தரையில் கோடு கிழித்து, கூழாங்கல்லை வைத்து ஆடுபுலி ஆட்டம் ஆடிய ஜனங்களுக்கு, விலைக்கும் மகிழ்ச்சிக்கும் சம்பந்தமில்லை என்று நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. மறக்க வைத்தவர்களைத்தான் கண்டிக்கிறோம்.

"அப்படியானால் எல்லோரும் ஒரே அணியாக ஆடும் ஆட்டங்களை மட்டும் வாங்கினால் போதுமே" என்று நண்பர்கள் சிலர் சொல்லக் கூடும். இவர்களோடும் நமக்கு வாதம் உண்டு. 2008இல் மாட் லீகாக் உருவாக்கிய 'பேண்டமிக்' அப்படிப்பட்டது. நான்கு கொள்ளை நோய்களை எதிர்த்து எல்லோரும் சேர்ந்து போராடுகிறார்கள். அருமையான ஆட்டம். ஆனால் எல்லாச் சீட்டும் எல்லோருக்கும் தெரியும்படி ஆடினால் என்ன நடக்கிறது? விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் உத்தரவு போடுகிறார். மற்றவர்கள் காயை நகர்த்தும் கூலிகளாகிறார்கள். பெயர் கூட்டு முயற்சி, நடப்பது தனியாட்சி! ஹனபியில் உங்கள் சீட்டை உங்களுக்கே காட்டாமல் எதிரில் இருப்பவருக்குக் காட்டிப் பிடிக்க வேண்டும். அவர் குறிப்புச் சொல்லாமல் நீங்கள் நகர முடியாது. நீங்கள் சொல்லாமல் அவரும் நகர முடியாது. அங்கே யாருக்கும் தனியாக உத்தரவு போட வழியில்லை. ஆகவே 'கூட்டு' என்ற லேபிளைக் கண்டும் ஏமாற வேண்டாம். உள்ளே அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

விதவிதமான பெட்டிகளைக் கண்டு, விதவிதமான கம்பெனிகள் நமக்காகப் போட்டியிடுகின்றன என்றும் மயங்க வேண்டாம். காட்டான், டிக்கெட் டு ரைட், பேண்டமிக் ஆகியவற்றின் ஆங்கிலப் பதிப்புகள் மூன்றும் அஸ்மோடி என்ற ஒரே குழுமத்தின் கையில். அந்தக் குழுமத்தையே 2022இல் ஒரு ஸ்வீடன் கம்பெனி 275 கோடி யூரோவுக்கு வாங்கியது; 2025இல் அது மீண்டும் தனியாகப் பிரிந்து பங்குச் சந்தைக்கு வந்தது. மொனாபலியின் இன்றைய சொந்தக்காரரான ஹாஸ்ப்ரோ, 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சரியாக இரண்டு வாரம் இருக்கையில், மேலும் 1,100 பேரை வேலையிலிருந்து நீக்கப் போவதாக அறிவித்தது. குடும்பங்களின் குதூகலத்தை விற்கிறவர்கள் எத்தனை குடும்பங்களுக்கு அந்தப் பண்டிகைப் பரிசைக் கொடுத்தார்கள் பாருங்கள்! இதற்காக ஆட்டத்தையே வெறுக்கச் சொல்லவில்லை. விளம்பரத்தில் வரும் சிரித்த முகங்களை நம்பிப் பையை அவிழ்க்காதீர்கள் என்கிறோம்.

சரி, என்னதான் செய்வது? வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அந்த வீட்டில் எத்தனை பேர், அத்தனை பேருக்கும் பலகையில் இடமுண்டா? பெட்டி மேல் போட்ட வயது பிள்ளைக்குப் பொருந்துமா? வேலை முடிந்து வந்தவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒதுக்கக்கூடிய முக்கால் மணி நேரத்தில் ஆட்டம் முடியுமா? அங்கே எல்லோரும் படிக்கும் மொழியில் இருக்கிறதா, அல்லது மொழியே தேவைப்படாததா? தோற்றவரும் கடைசி வரை உட்கார்ந்திருப்பாரா? இவற்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், பெட்டியைத் திரும்ப அலமாரியில் வையுங்கள். ஒருவர் ஆடி முடித்த பழைய பெட்டி, காய்கள் குறையாமல் இருந்தால், தாராளமாக வாங்குங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

இன்னொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது. பரணில் தூங்கும் பெட்டிகளில் பல, விதிகளைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் தூங்குகின்றன. ஆகவே பரிசு கொடுப்பவர் முதலில் தாமே விதிகளைப் படிக்க வேண்டும். பெட்டியைக் கையில் திணித்துவிட்டுப் புறப்பட்டுவிடாமல், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் உட்கார வேண்டும். முதல் ஆட்டத்தைப் பிள்ளைகளோடு தாமே ஆட வேண்டும். அந்த ஒரு மாலை நேரத்தை எந்தக் கம்பெனியும் பெட்டிக்குள் வைத்து விற்க முடியாது. அதைக் கொடுக்க மனமிருந்தால் ஆட்டம் வாங்குங்கள். இல்லையென்றால், அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு ஒரு சட்டைத் துணியாவது எடுத்துக் கொடுங்கள்.