தலையாட்டினால் புரிந்ததாகாது



"புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். எழுந்து சொல்லச் சொன்னால்தான் உண்மை தெரியும். சர்க்கரையோடு சிறுநீரகமும் பழுதான நானும் டாக்டரிடம் அப்படித்தான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சர்க்கரை திடீரென இறங்கியபோது இளநீர் குடித்தேன். சிறுநீரக நோயாளிக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துக்கே ஆபத்தாகலாம். 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்தால் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. பழுதான சிறுநீரகத்தால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். சர்க்கரை அடிக்கடி இறங்கினால் குணமாகிறது என்று மகிழாதீர்கள். டாக்டரிடம் மருந்தின் அளவைக் கேளுங்கள். மூட்டுவலி மாத்திரையையும் கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

மருந்துச்சீட்டோடு பத்து நிமிடம் தமிழில் விளக்கி, நோயாளியைத் திருப்பிச் சொல்லவைப்பதும் வைத்தியம்தான். மருத்துவர், செவிலியர் ஆன என் மாணவர்களே, நீங்கள் தொடங்குங்கள். மற்றவர்கள் அப்பா அம்மாவிடம் இன்றே கேளுங்கள்: "டாக்டர் என்ன சொன்னார்?"